இரண்டு வருடம் இருந்த ஊர்

போலந்தின் வடகிழக்கு மூலையில் வியெஸ்னோவோ என்று ஓர் ஊராட்சி. அங்கே அதைக் க்மினா என்கிறார்கள். நம்முடைய ஊராட்சி ஒன்றியம் மாதிரி. நடுவில் ஒரு சிற்றூர், சுற்றிலும் கிராமங்கள், கிராமங்களைவிட அதிகமாக ஏரிகள். சரத் அங்கே போனதில்லை. போகப்போவதும் இல்லை. ஆனால் ஜூன் மாதம் முழுக்க அவன் அங்கேதான் இருந்தான். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இரண்டு திரைகளுக்கு முன்னால்.

அவனுடைய கம்பெனி ஊர்ப்பெயர்களை விற்கிறது. முன்னோர்களைத் தேடுகிறவர்களுக்கென்று இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு. யாரோ ஒருவர் தன் பாட்டனார் பிறந்த ஊரைத் தட்டினால், வரைபடத்தில் ஒரு புள்ளி சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும். நிற்க வைப்பது சரத்தின் வேலை. சட்டம் எளிது. ஓர் ஊருக்கு ஒரு முதன்மைப் பெயர். பழைய பெயர்கள் அதற்குக் கீழே, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற குறிப்போடு. அரசாங்கம் அச்சடித்த எதிலும் இல்லாத பெயர் பெயரே அல்ல.

வியெஸ்னோவோவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மூன்று நான்கு பெயர்கள். யெஸோர்க்கன் என்று ஒரு கிராமம். அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்த காலம்; ஆனால் பெயர் ஜெர்மன் பெயர் மாதிரி இல்லை என்று 1938இல் அரசாங்கத்துக்குத் தோன்றியது. ஸேடால் என்று மாற்றினார்கள். ஏழு வருடம் கழித்துப் போர் முடிந்தது. எல்லைகள் நகர்ந்தன. ஜெர்மன்காரர்களை வெளியேற்றினார்கள். ஊர் போலந்துக்கு வந்தது. பெயர் வைப்பதற்கென்றே தலைநகரில் ஒரு குழு உட்கார்ந்து, யெஸியோர்னா என்று முடிவு செய்தது. மூன்று பெயரிலும் இருப்பது ஏரிதான். ஏரி மட்டும் நகரவில்லை.

இன்னொரு கிராமத்தில் போருக்குப் பிறகு ஆளே இல்லை. வீடுகள்கூட இல்லை. அதற்கும் குழு ஒரு பெயர் வைத்திருந்தது.

சரத்துக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அவனுக்கு எதுவும் பிடிக்கவோ பிடிக்காமலோ இல்லை. ஆனால் வியெஸ்னோவோவில் யாரும் அவனைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை.

போன ஜூலையில், மருந்துக்கடை வேலை முடிந்து நியூ லின் ரயில் நிலையத்துக்கு வந்த அவன் மனைவி ராகவி, தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது முப்பத்தொன்று. சரத் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவன் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தான்.

இந்த ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை. யெஸியோர்னாவின் பெயர்களுக்கு நடுவே நாலாவதாக ஒன்று கிடந்தது. பெரெஸ்னா. ஆதாரம் என்ற இடம் காலி. தேடிப் பார்த்தான். கிழக்கே, இப்போது உக்ரேனுக்குள் இருக்கும் பகுதியில் ஒரு பெரெஸ்னா இருந்தது. யாரோ தவறாக இங்கே சேர்த்திருக்கிறார்கள். இந்த வேலையில் இது தினமும் நடப்பது. பெயரை எடுத்துக் கிழக்கே ஒட்டினான். அதோடு சேர்ந்து, அந்தப் பெயரில் பதிந்திருந்த சில மனிதர்களும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். சரத் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நியூ லின்னில் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. ராகவி இருந்தபோது வழக்கம். இல்லாதபோதும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மாமனார் தவராசா ஆக்லாந்தில் இருபது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் மயிலிட்டிக்காரர். 1990இல் ராணுவம் வருகிறது என்று, ரெண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர். படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்து, மண்டபம் அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் இருந்து, பிறகு தம்பி கூப்பிட்டு நியூசிலாந்து. மயிலிட்டியில் அவருடைய காணி இன்னும் முள்வேலிக்குள்தான்.

சாப்பிட்டு முடித்ததும் தவராசா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐபேடை எடுத்தார்.

"தம்பி, ஆட்டைத் திவசத்துக்கு அறிவித்தல் எழுதிட்டன். வாற ஞாயிறுக்கிடையிலை குடுக்கோணும். ஒருக்கா வாசிக்கிறன், கேளுங்கோ."

ஆட்டைத் திவசம் என்பது முதலாண்டுத் திதி. ஈழத்தமிழர்களின் மரண அறிவித்தல்களுக்கு ஓர் அச்சு உண்டு. எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊரில் வாழ்ந்தார் என்றுதான் தொடங்கும். ஆளின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். திருநெல்வேலிக்காரனான சரத்துக்குக் கல்யாணமாகிற வரை இது தெரியாது.

"யாழ். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், நியூசிலாந்து ஒக்லாந்து நியூ லின்னை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருமதி ராகவி சரத் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி." தவராசா நிமிர்ந்தார். "போன முறை போட்டதுதான். திகதியை மாத்தினால் சரி. என்ன?"

"சரி மாமா" என்றான் சரத். ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்கிற சொல்.

போன முறை போட்டதை அவன் படித்திருக்கவில்லை. இப்போதுதான் காதில் விழுந்தது. ராகவி மயிலிட்டியில் பிறக்கவில்லை. அவள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் நியூ லின்னில் இருக்கவும் இல்லை. நாலு வருடம் நகரின் தெற்கு ஓரத்தில், தகனினியில் இருந்தார்கள். புது வீடுகள், புது மரக்கன்றுகள், இன்னும் கூகுளுக்கே சரியாகப் பிடிபடாத தெரு. அந்த வீடு அறிவித்தலில் இல்லை. அவன் திரும்பிப் போய்ப் படுக்கிற வீடு.

மோட்டார்வேயில் தெற்கே ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சோபாவில் காலைத் தூக்கி அவன் மடியில் வைத்துக்கொண்டு ராகவி போனில் மரண அறிவித்தல்களை வாசிப்பாள். செய்தி வாசிப்பவள் குரலில். அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

"பாருங்கோ, முழு மயிலிட்டியும் கனடாவிலை, ரொறன்ரோவிலைதான் சாகுது. இவர் பிறந்தது கொழும்பிலை. எனக்குத் தெரியும், இவரின்ரை மகள் என்னோடை படிச்சவள். ஆனா மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும்!"

"அப்ப ஏன் போடுறாங்க?"

"அது அப்பிடித்தான். எங்கை பிறந்தாலும் மயிலிட்டியிலைதான் பிறக்கோணும்." பிறகு காலால் அவன் வயிற்றில் ஒரு தள்ளு. "நான் செத்தா மண்டபம் எண்டு போடுங்கோ. பிறப்பிடம் மண்டபம். பெரிய எழுத்திலை. அப்பா ரெண்டு நாள் சாப்பிடமாட்டார்."

"லூசு. பேசாம இரு."

"பேசாம இல்லை. கதைக்காம இரு எண்டு சொல்லுங்கோ. நாலு வருசமாச் சொல்லித் தாறன்."

விளையாட்டுக்குச் சொன்னதா என்றால், ஆமாம். விளையாட்டு மட்டுமா என்றால், சொல்லத் தெரியவில்லை. ஊர் எது என்று யார் கேட்டாலும் அவள் மண்டபம் என்றுதான் சொல்வாள். பாம்பன் பாலத்தில் ரயில் போகிற சத்தம், முகாம் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது எல்லாம் அவளுக்கு ஊர்தான். அவர்கள் வீட்டில் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு அறிவித்தல் போடும் வழக்கம் கிடையாது. இதுதான் கடைசி. இதில் வராவிட்டால் எதிலும் வராது.

தகனினிக்கு இறங்குகிற வழியைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தான்.

புதன்கிழமை வைஷாலி அவன் மேசைக்கு வந்து நின்றாள். அவள் அவனுடைய குழுத் தலைவி, சென்னைக்காரி, நின்றால் பேசாமல் போகமாட்டாள்.

"சரத், உனக்கு ஒரு விசிட்டர்."

"எனக்கா?"

"கஸ்டமர்டா. நேர்ல வந்திருக்காங்க. ஆறு வருஷமா இங்க இருக்கேன், ஊர்ப்பெயர் சரியில்லைன்னு ஒருத்தர் பஸ் பிடிச்சு வந்து பாத்ததில்ல. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வேற. போ, போய்ப் பேசு."

வரவேற்பறையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெயர் டனூட்டா. பன்முரில் வீடு. கம்பெனியின் முகவரி இவ்வளவு பக்கத்தில் என்று பார்த்ததும் கிளம்பி வந்துவிட்டாராம். எலுமிச்சைப் பையை சரத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். எல்லாம் ஆங்கிலத்தில்.

"என் மாமாவை உக்ரேனுக்கு அனுப்பிவிட்டீர்கள்."

"எந்த ஊர்?"

"பெரெஸ்னா. வியெஸ்னோவோ க்மினா. போன வாரம்வரை சரியாக இருந்தது. நான்தான் பெயரைச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்கிறேன், ஆள் அங்கே இல்லை."

"நான்தான் மாற்றினேன்" என்றான் சரத். "அந்த க்மினாவில் பெரெஸ்னா கிடையாது. எந்த ஆவணத்திலும் இல்லை."

"இருக்காது. எப்படி இருக்கும்?" டனூட்டா சிரித்தார். கோபமாக வந்தவர் மாதிரித் தெரியவில்லை. வேறு வேலை இல்லாமல் வந்தவர் மாதிரியும் தெரியவில்லை. "கிழக்கே பெரெஸ்னா என்றொரு ஊர் இருந்தது. நீங்கள் ஒட்டியிருப்பது வேறு பெரெஸ்னா, அதுவும் தப்பு. எங்கள் ஊரைப் போரில் எரித்துவிட்டார்கள். மிஞ்சினவர்களை மாட்டு வண்டியோடு ரயிலில் ஏற்றி மேற்கே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே காலி வீடுகள். அடுப்பில் சாம்பல். ஊர் முகப்பில் ஒரு ஜெர்மன் பெயர்ப்பலகை, வாசிக்க வராது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் கரியால் பெரெஸ்னா என்று எழுதினார்கள். எழுதியவர் என் மாமா."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருடம். அப்புறம் தலைநகரிலிருந்து சரியான பலகை வந்தது."

சரத் எலுமிச்சைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றால் அது வேறு யாருடைய ஊரோ. அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது."

"இருந்தது. அந்த ஜெர்மன்காரர்களின் பேரப்பிள்ளைகளும் எங்கேயாவது உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெயரை எடுக்கச் சொல்லி நான் வரவில்லையே." டனூட்டா மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டார். "ரெண்டு வருடம் என்றால் ரெண்டு வருடம் என்று போடுங்கள். மாமா அந்த ரெண்டு வருடத்தில் செத்துப்போனார். அவருக்கு அடுத்த பெயர் தெரியாது."

கதவுவரை போனவர் திரும்பி நின்றார்.

"என் அம்மா போரின்போதே சின்னப் பெண்ணாகக் கப்பலில் இங்கே வந்தவள். போலந்து அநாதைக் குழந்தைகளோடு. பஹியாட்டுவா முகாமில் வளர்ந்தாள். ஊர் எது என்றால் அந்த முகாமைத்தான் சொல்வாள். முகாமை யாராவது ஊர் என்பார்களா என்று நாங்கள் கேலி செய்வோம். அங்கேதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பாள். எலுமிச்சம்பழத்தைக் காரில் விட்டுவிடாதீர்கள், புளித்த வாடை போகாது."

சரத் மேலே போய் பெரெஸ்னாவைத் திரும்பக் கொண்டுவந்து யெஸியோர்னாவுக்குக் கீழே வைத்தான். 1945 முதல் 1947. ஆதாரம் என்ற இடத்தில் டனூட்டாவின் பெயரையும் 'வாய்மொழி' என்பதையும் எழுதினான். அது வைஷாலியின் ஒப்புதலுக்குப் போனது. பத்து நிமிடத்தில் வைஷாலியே வந்துவிட்டாள்.

"டேய், வாய்மொழின்னு ஒரு ஆதாரமா? ஒரு பை எலுமிச்சம்பழத்துக்கு ஊரு குடுத்துட்டியா?"

"ஆமா."

"நாளைக்கு ஒருத்தன் மாம்பழத்தோட வருவான், லண்டனுக்கு வேற பேரு சொல்லுவான்."

"அங்க ஆளுங்க இருந்தாங்க வைஷாலி. அந்தப் பேரைத்தான் சொன்னாங்க. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

வைஷாலி அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். ஒரு வருடத்தில் அவன் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை. "சரி, சரி. வருஷம் போட்டிருக்கல்ல? விடு. எனக்கும் நாலு பழம் குடு."

ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பழங்களோடு நியூ லின் போனான். மாமியார் ரதிதேவி பையைத் திறந்து பார்த்தார்.

"நல்ல தேசிக்காய். ஆர் தந்தது?"

"ஒரு போலந்துக்காரம்மா. ஊறுகாய் போடலாம்னு..."

"போடுவம், போடுவம்." சமையலறை மேசையில் பழங்களைக் கொட்டி அங்கேயே உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். முன்னறையில் தவராசா ஐபேடோடு தயாராக இருந்தார்.

"அப்ப அனுப்பட்டே தம்பி?"

"மாமா, ஒரு விஷயம். பிறப்பிடம் மண்டபம்னு போடணும்."

தவராசா கண்ணாடியைக் கழற்றினார். "எங்கை?"

"மண்டபம். ராகவி பொறந்த ஊர்."

"அது ஊர் இல்லைத் தம்பி. முகாம்."

"அவ ஊருன்னுதான் சொல்லுவா. அப்படித்தான் போடணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா."

"அவள் பகிடிக்குச் சொல்லியிருப்பாள். உங்களுக்கு அவளைத் தெரியாதே?"

"தெரியும் மாமா."

சமையலறையில் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தவராசா எழுந்து ஜன்னல் பக்கம் போய், திரும்பி வந்து, உட்காராமல் நின்றார்.

"அந்த முகாமிலை, பின்னேரம் ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவினம். நிக்கோணும். நிண்டு கையைத் தூக்கோணும். நான் ஒரு நாள் பிந்தினதுக்கு ஒரு சின்னப் பொடியன், யூனிபோர்ம் போட்டவன், என்னைப் பிள்ளைக்கு முன்னாலை முட்டுக்காலிலை விட்டவன். அதை என்ரை பிள்ளையின்ரை பேருக்கு முன்னாலை எழுதச் சொல்லுறியளோ?"

சரத்துக்கு இது தெரியாது. ராகவி சொன்னதில்லை. அவளுக்கு நினைவில்லாமல் இருந்திருக்கலாம்.

"மயிலிட்டியிலை என்ரை வீட்டின்ரை கல்லுக்கூட இப்ப இல்லை. கட்டிலும் இல்லை, கிணறும் இல்லை. ஊர் எங்கை இருக்குது தெரியுமே? இந்த அறிவித்தல்களிலைதான் இருக்குது. நாங்களும் எழுதாட்டி அதுவும் முடிஞ்சுது."

கரியால் பலகையின் பின்பக்கத்தில் எழுதுகிற ஒரு மனிதர் சரத்தின் நினைவுக்கு வந்தார். அவர் முகம் தெரியவில்லை. ஆனால் கை தெரிந்தது. தான் அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்தது.

"மயிலிட்டியை எடுக்கச் சொல்லல மாமா. அது இருக்கட்டும். பூர்வீகம்னு போடுங்க. ஆனா அவ அங்க பொறக்கல. மண்டபம் வேணும். தகனினியும் வேணும்."

"தகனினியோ?" தவராசா உண்மையிலேயே வியந்துபோனார். "அது ஆருக்குத் தம்பி தெரியும்? ரொறன்ரோவிலை, லண்டனிலை இருக்கிறவைக்கு என்னெண்டு விளங்கும்? நியூ லின் எண்டால் நாலு பேருக்குத் தெரியும். அதுக்காண்டித்தான் விட்டனான். வேறை ஒண்டும் இல்லை."

"நாங்க அங்கதான் இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரவில்லை. ஆனால் வாய் அதற்குப் பிறகு மூட மறுத்தது. ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரித் திறந்தபடியே இருந்தது. தவராசா பார்வையை மாற்றிக்கொண்டார்.

கத்திச் சத்தம் நின்றிருந்தது. ரதிதேவி வாசற்படியில் வந்து நின்றார். கையெல்லாம் எலுமிச்சைச் சாறு, விரல்களை விரித்துப் பிடித்திருந்தார்.

"ரெண்டு பேரும் பிழை."

"நீர் உள்ளுக்குப் போம். இது..."

"இஞ்சருங்கோ, பெத்தது நான். எங்கை பெத்தனான் எண்டு எனக்குத்தானே தெரியும்? அவள் மயிலிட்டியிலையும் பிறக்கேல்லை, மண்டபத்திலையும் பிறக்கேல்லை."

"பின்னை?"

"உச்சிப்புளி."

சரத்துக்குப் பெயர் தெரியும்; மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் ஓர் ஊர்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம் எண்டு வானிலை ஏத்திச்சினம். உச்சிப்புளி தாண்டேல்லை. வானுக்குள்ளையே பிறந்திட்டாள். டிரைவர் பயத்திலை இறங்கி ஓடிட்டான். தேத்தண்ணிக் கடையிலை இருந்த ஒரு மனுசி வந்துதான் பிள்ளையைத் தூக்கினது. டிரைவரின்ரை துவாயிலை சுத்தி. ரெண்டு நாள் முழுக்கப் பிள்ளையிலை பீடி மணம்."

"எனக்கு நீர் சொல்லேல்லையே!"

"நீங்கள் கட்டட வேலைக்கு மதுரைக்குப் போயிட்டு நாலாம் நாள் வந்தனீங்கள். பிள்ளை ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு கேட்டீங்கள். எங்கை பிறந்தது எண்டு ஆர் கேட்டது? மண்டபம் எண்டு நீங்களாப் பதிஞ்சிட்டு வந்தனீங்கள்."

"மாமி," என்றான் சரத், "ராகவிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லுவனே? சொன்னால் அடுத்த நாளே மண்டபத்தை விட்டிட்டு உச்சிப்புளி, உச்சிப்புளி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அதையும் பீடி மணத்தையும் சேத்து."

முதலில் சிரித்தது சரத்தா தவராசாவா என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. சரத்துக்குத் தன் சிரிப்பே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. பழக்கம் விட்டுப்போன ஓர் இயந்திரம் இழுத்து இழுத்துக் கிளம்புகிற சத்தம். ரதிதேவி சிரிக்கவில்லை. சாறு ஒழுகுகிற கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே, புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போய், எரிச்சலில் "சிக்" என்றார்.

"அப்ப உச்சிப்புளி எண்டே போடுறது?" தவராசா தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை.

"அது என்னோடை இருக்கட்டும்." ரதிதேவி திரும்பினார். "பிள்ளை தன்ரை ஊர் எண்டு எதைச் சொன்னவளோ அதைப் போடுங்கோ. அவளின்ரை அறிவித்தல் அது. உங்கடை இல்லை."

தவராசா ஐபேடை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். அங்கே ஒரு பழைய பஸ் இருக்கை உண்டு. யோசிக்க வேண்டியதை எல்லாம் அவர் அதில் உட்கார்ந்துதான் யோசிப்பார். சரத் சமையலறைக்குப் போய் மிச்சப் பழங்களை வெட்டினான். துண்டுகள் பெரிதாகிவிட்டன என்று மாமியார் திட்டினார். அவன் கிளம்பும்வரை கராஜ் கதவு திறக்கவில்லை. என்ன அனுப்பினார் என்று அவனும் கேட்கவில்லை. கேட்டால், என்ன பதில் வந்தாலும் "சரி மாமா" என்று சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

திவசத்தன்று நியூ லின் வீட்டில் காலையிலேயே நல்ல கூட்டம். ஐயர் வந்து போய்விட்டார். படையலில் ராகவிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி இருந்தது. ஊறுகாயும் இருந்தது, இன்னும் ஊறவில்லை. சரத் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தவராசாவின் போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து யாரோ சொந்தக்காரர். தவராசாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"தவம், அறிவித்தல் பாத்தன். என்னடாப்பா, மண்டபத்தைப் பிறப்பிடமாகவும் எண்டு கிடக்குது? பிழையாப் போட்டிட்டாங்களோ?"

பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதைக் கொஞ்சம் மெதுவாக்கினார்கள்.

"பிழை இல்லை. நான்தான் எழுதினது. அவள் அங்கைதான் பிறந்தவள்." தவராசா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பூர்வீகம் மயிலிட்டி எண்டு முதல் வரியிலை கிடக்குதே, நீ கண்ணாடி போட்டுப் பார்."

"ஓம், ஓம், கிடக்குது. அதுசரி, இதென்ன கடைசியிலை, தக... தகனினி? உதெங்கை கிடக்குது?"

சரத் தண்ணீர்ச் சொம்போடு நின்றான்.

"தகனினியோ?" தவராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார், ஸ்பீக்கரில் இருப்பதை மறந்து. "அது ஒக்லாந்திலை இருந்து தெற்காலை. மோட்டர்வேயிலை ஏறி நேரை வரோணும். எல்லர்ஸ்லி தாண்டி, மனுக்காவ் தாண்டி, இடக்கைப் பக்கம் இறங்கோணும். ரெயிலும் போகுது. இறங்கி ரெண்டாவது ரவுண்டபவுட்டிலை திரும்பினால் எல்லாம் புது வீடுகள். ஒரே மாதிரி இருக்கும், நம்பரைப் பாத்துத்தான் போகோணும். எங்கடை பிள்ளை அங்கைதான் இருந்தவள். ஓம். மருமகன் இப்பவும் அங்கைதான் இருக்கிறார். நீ வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"நல்ல இடமோ?"

தவராசா யோசித்தார். அவர் அந்த வீட்டுக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறார்.

"பொறு, கேட்டுச் சொல்லுறன்" என்று போனை சரத்திடம் நீட்டினார்.